சர்க்கரையை எடைபோடும் மைட்டோகாண்ட்ரியா: பீட்டா செல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிர்வேதியியல் கற்பிக்கிறவன் என்பதால், சர்க்கரை நோய் உள்ள உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் நிறையக் கேட்பார்கள். பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும்தான் கேட்பார்கள். சிலர் மட்டும் இன்னும் உள்ளே போவார்கள்: கணையம் ஏன் களைத்துப் போகிறது, அந்தச் செல்லுக்குள் கெடுவது எது? அப்படி வந்த கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். மருத்துவருக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள உதவினால் போதும்.

கணையத்தில் இன்சுலின் எங்கே சுரக்கிறது?

கணையத்தின் பெரும்பகுதி செரிமான நீரைச் சுரக்கும் திசுதான். அதற்கு நடுவே சிறுசிறு திட்டுகளாக வேறொரு வகைச் செல்கள் இருக்கின்றன. 1869இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் தம் ஆய்வேட்டில் இவற்றை முதலில் விவரித்தார். அதனால் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று பெயர். ஒருவருக்கு ஏறத்தாழ 10 லட்சம் திட்டுகள் உண்டு. எல்லாம் சேர்ந்தாலும் கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். அந்தத் திட்டுகளில் இருக்கும் பீட்டா செல்கள்தாம் இன்சுலின் சுரப்பவை.

மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் மையம் என்று பள்ளியில் படித்தோம். பீட்டா செல்லில் மட்டும் அதற்கு என்ன தனிச் சிறப்பு?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிதாகிவிடும்.

தசைச் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது எவ்வளவு வேலை செய்கிறதோ அவ்வளவு ஏடிபி தயாரிக்கும். ஏடிபி என்பது செல்லின் ஆற்றல் செலாவணி; எந்த வேலைக்கும் அதைத்தான் செல் செலவழிக்கிறது. வேலை கூடினால் உற்பத்தி கூடும், ஓய்வில் குறையும். ரத்தத்தில் சர்க்கரை 90 ஆக இருந்தாலும் 180 ஆக இருந்தாலும் ஓய்வில் இருக்கும் தசையின் ஏடிபி அளவு பெரிதாக மாறாது.

பீட்டா செல் அப்படியில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அதற்கேற்ப அதன் ஏடிபியும் ஏறும். அந்த ஏற்றத்தைத்தான் அது ‘சர்க்கரை கூடிவிட்டது’ என்ற செய்தியாகப் படிக்கிறது. மூக்கில் வாசனையை அறிவதற்கும் கண்ணில் ஒளியை அறிவதற்கும் தனி ஏற்பிகள் உண்டு. சர்க்கரையை அறிய பீட்டா செல் நம்பியிருப்பது அதை எரித்துப் பார்ப்பதைத்தான். எரித்ததில் எவ்வளவு கிடைத்தது என்பதே அதற்கு அளவு. ஆகவே இங்கே மைட்டோகாண்ட்ரியா அடுப்பாகவும் இருக்கிறது, தராசாகவும் இருக்கிறது. அடுப்பு அணைந்தால் செல் வாடும். தராசு பிசகினால் செல் உயிரோடு இருந்துகொண்டே தப்பான அளவில் இன்சுலினைக் கொடுக்கும். மைட்டோகாண்ட்ரியப் புரதங்களில் வரும் சிறு கோளாறுகூட இங்கே பெரிதாகத் தெரிவது அதனால்தான்.

ஒரு தட்டுப் பொங்கல் சாப்பிட்டதிலிருந்து இன்சுலின் வெளியே வரும்வரை உள்ளே என்ன நடக்கிறது?

பொங்கலின் மாவுச்சத்து குளுக்கோஸாகி ரத்தத்தில் சேர்கிறது. பீட்டா செல்லின் சவ்வில் உள்ள கடத்திப் புரதங்கள் அதை உள்ளே விடுகின்றன. உள்ளே குளுக்கோகைனேஸ் என்ற நொதி காத்திருக்கிறது. இதே வேலையைச் செய்யும் மற்ற நொதிகள் கொஞ்சம் சர்க்கரைக்கே முழு வேகத்தில் ஓடிவிடும். இது அப்படியில்லை. டெசிலிட்டருக்கு 145 மில்லிகிராம் அளவில்தான் பாதி வேகத்தையே எட்டும். அதனால் சர்க்கரை ஏற ஏற இதன் வேகமும் ஏறுகிறது. எவ்வளவு சர்க்கரை எரிய வேண்டும் என்பதை முதலில் தீர்மானிப்பது இதுதான்.

குளுக்கோஸ் உடைந்து பைருவேட் ஆகிறது. வேறு செல்களில் பைருவேட்டின் ஒரு பங்கு லாக்டேட்டாக மாறி வெளியே போய்விடும். பீட்டா செல்லில் அந்தப் பாதை ஏறக்குறைய அடைக்கப்பட்டிருக்கிறது. லாக்டேட் செய்யும் நொதியையே அது மிகக் குறைவாகத்தான் வைத்திருக்கிறது. எடைபோட வேண்டிய சரக்கு வழியில் சிந்தாமல் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போக வேண்டும் அல்லவா?

உள்ளே சிட்ரிக் அமில சுழற்சி என்ற தொடர் வேதிவினை பைருவேட்டிலிருந்து எலக்ட்ரான்களைக் கறக்கிறது. உட்சவ்வில் வரிசையாக நிற்கும் புரதக் கூட்டுகள் அந்த எலக்ட்ரான்களைக் கைமாற்றிக்கொண்டே, புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே இறைக்கின்றன. கிணற்றிலிருந்து ஏற்றம் இறைத்து மேட்டுத் தொட்டியை நிரப்புவது போல. தொட்டியில் தேங்கிய புரோட்டான்கள் திரும்பி இறங்க முதன்மையான வழி ஒன்றுதான்: ஏடிபி சிந்தேஸ் என்னும் புரதம். அவை அதன் வழியே பாயும்போது அந்தப் புரதம் உண்மையாகவே சக்கரமாகச் சுழல்கிறது, சுழன்று ஏடிபியை வார்க்கிறது. புரோட்டான் தேக்கம் என்ற இந்தக் கருத்தைப் பீட்டர் மிட்செல் 1961இல் முன்வைத்தார். 1978இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சக்கரம் எப்படிச் சுழல்கிறது என்று விளக்கிய பால் போயருக்கும் ஜான் வாக்கருக்கும் 1997இல் கிடைத்தது.

ஏடிபி ஏறிய செய்தி இப்போது செல்லின் வெளிச்சவ்வுக்குப் போகிறது. அங்கே பொட்டாசியம் வெளியேறும் மடைகள் இருக்கின்றன. ஏடிபி கூடினால் இந்த மடைகள் மூடிக்கொள்ளும். 1984இல் பீட்டா செல்லில் இவை கண்டறியப்பட்டபோதுதான் சர்க்கரைக்கும் மின்னழுத்தத்துக்கும் இடையிலிருந்த விடுபட்ட கண்ணி கிடைத்தது. மடை மூடியதும் சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது. கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே பாய, இன்சுலின் நிறைந்த நுண்பைகள் சவ்வோடு ஒட்டி வெடித்து ரத்தத்தில் கொட்டுகின்றன. எல்லாம் சில நிமிடங்களுக்குள்.

மைட்டோகாண்ட்ரியாவில் எத்தனை புரதங்கள்? எல்லாவற்றையும் அதுவே தயாரிக்கிறதா?

மனித மைட்டோகாண்ட்ரியாவில் 1,100க்கும் மேற்பட்ட புரதங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக ஒரு சிறிய வட்ட டிஎன்ஏ உண்டு. 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். அவற்றில் 13 மட்டுமே புரதங்களுக்கானவை. மீதி 24 மரபணுக்கள் அந்தப் புரதங்களைக் கட்டத் தேவையான ஆர்என்ஏக்களுக்கு. மற்ற புரதங்கள் எல்லாம் உட்கருவின் கட்டளைப்படி வெளியே செய்யப்பட்டு உள்ளே இறக்குமதியாகின்றன.

எண்ணிக்கையில் 13 சொற்பம்தான். ஆனால் அந்த 13 புரதங்களும் ஏற்றம் இறைக்கும் கூட்டுகளிலும் ஏடிபி சக்கரத்திலும் உட்காருபவை.

ஏடிபி ஒன்றுதான் மைட்டோகாண்ட்ரியா அனுப்பும் செய்தியா?

இல்லை. பொட்டாசிய மடைகளை மருந்தால் திறந்தபடியே நிறுத்தி, வேறு வழியில் கால்சியத்தை உள்ளே விட்டுப் பார்த்த பரிசோதனைகள் உண்டு. மடைக்கு இனி வேலையில்லை. அப்போதும் சர்க்கரையைக் கூட்டினால் இன்சுலின் கூடியது. ஆக மடையை மூடுவது தொடக்க மணி. அதற்குப் பின் சுரப்பைப் பெருக்கும் இன்னொரு வழியும் இருக்கிறது.

அந்த வழியின் வேரும் மைட்டோகாண்ட்ரியாவில்தான். பீட்டா செல்லுக்குள் வரும் பைருவேட்டில் ஏறத்தாழ பாதியை பைருவேட் கார்பாக்சிலேஸ் என்ற நொதி எரிக்காமல் வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. அதிலிருந்து பிறக்கும் சிறு மூலக்கூறுகள் மைட்டோகாண்ட்ரியாவைவிட்டு வெளியே வந்து சுரப்பைத் தூண்டுகின்றன. அவற்றில் எது முதன்மையான தூதுவன் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது.

கால்சியத்துக்கும் இங்கே இரண்டாவது வேலை உண்டு. செல்லுக்குள் நுழைந்த கால்சியத்தில் ஒரு பகுதியை, உட்சவ்வில் உள்ள ஒரு கடத்திப் புரதம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இழுத்துக்கொள்கிறது. அது சுழற்சியின் நொதிகளை முடுக்கிவிடுகிறது. சரக்கு போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் ஆற்றல் தேவை என்று வாசலிலிருந்து அடுப்படிக்குக் குரல் கொடுப்பது மாதிரி.

ஓடியாடி விளையாடிய பிறகு சில பிள்ளைகளுக்கு இன்சுலின் தேவையின்றிச் சுரந்து மயக்கம் வருகிறதாமே?

மிக அரிதான மரபுக் கோளாறு அது. ஆனால் தராசு என்று நான் சொன்னதன் பொருளை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கடுமையாக ஓடும்போது தசையிலிருந்து லாக்டேட்டும் பைருவேட்டும் ரத்தத்தில் சேர்கின்றன. பெரும்பாலான செல்களின் வெளிச்சவ்வில் இவற்றை உள்ளே விடும் கடத்திப் புரதம் இருக்கும். பீட்டா செல்லில் மட்டும் அந்தப் புரதத்துக்கான மரபணு அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. காரணம் எளிது: உள்ளே வந்த பைருவேட் பொங்கலிலிருந்து வந்ததா தசையிலிருந்து வந்ததா என்று மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பிரித்தறியத் தெரியாது. வந்ததை எரிக்கும், ஏடிபி ஏறும், இன்சுலின் கொட்டும்.

அந்த மரபணுவின் சுவிட்ச் பகுதியில் மாற்றம் உள்ள சில குடும்பங்களை ஃபின்லாந்து ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2007இல் விவரித்தது. இவர்களுக்கு மூடியிருக்க வேண்டிய வாசல் திறந்துகிடந்தது. ஓடி முடித்ததும் தேவையே இல்லாத நேரத்தில் இன்சுலின் சுரந்து சர்க்கரை சரிந்தது.

பருப்பும் முட்டையும் சாப்பிட்டால் குழந்தைக்குச் சர்க்கரை இறங்குமா?

ஆரோக்கியமான குழந்தைக்கு அப்படி ஆகாது. ஆனால் ஒரு மைட்டோகாண்ட்ரியப் புரதம் கெட்டிருந்தால் ஆகும்.

குளூட்டமேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கிறது. அமினோ அமிலமான குளூட்டமேட்டை எரிபொருளாக மாற்றி சுழற்சியில் சேர்ப்பது அதன் வேலை. லூசின் என்ற அமினோ அமிலம் வந்தால் அது முடுக்கம் பெறும். ஜிடிபி என்ற மூலக்கூறு அதற்குக் கடிவாளம். 1998இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இந்தக் கடிவாளம் பிடிக்காமல் போகும் சடுதிமாற்றங்கள் சில குழந்தைகளிடம் இருப்பதைக் காட்டியது. பருப்பு, பால், முட்டை, இறைச்சி என்று புரதம் நிறைந்த எதுவும் லூசினைக் கொண்டுவரும். நொதி கட்டுக்கடங்காமல் ஓடும். ஏடிபி ஏறும். சர்க்கரையே ஏறாதபோதும் இன்சுலின் சுரந்துவிடும். இக்குழந்தைகளின் ரத்தத்தில் அம்மோனியாவும் கூடியே இருக்கும். அதுதான் மருத்துவருக்கு முக்கியத் துப்பு.

இன்னொரு புரதமும் இந்தக் கதையில் வருகிறது. கொழுப்பை எரிக்கும் வரிசையில் உள்ள ஒரு மைட்டோகாண்ட்ரிய நொதி, தன் சொந்த வேலை போக, மேலே சொன்ன நொதியோடு ஒட்டி அதை அடக்கியும் வைக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதன் பழுதான பிரதி வந்து சேர்ந்தால் அடக்க ஆளில்லாமல் போய் அதே சிக்கல் உண்டாகும். இரு பக்கமும் வந்தால்தான் வெளிப்படும் இத்தகைய கோளாறுகளுக்கு, மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் நடக்கும் திருமணங்களில் வாய்ப்பு கூடும். நம் குடும்பங்களில் இது நிறைய நடப்பதால் சொல்கிறேன்.

இரண்டுக்கும் டயசாக்சைடு என்ற மருந்து பொதுவாகக் கேட்கும். பொட்டாசிய மடையைத் திறந்து வைக்கிற மருந்து அது. உள்ளே தராசு எவ்வளவு தப்பாகக் காட்டினாலும் வாசலில் இன்சுலின் நின்றுவிடும். கைக்குழந்தைக்கு அடிக்கடி வலிப்போ சோர்வோ வந்தால், அந்த நேரத்து ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்தாக வேண்டும். தாழ்சர்க்கரை மூளையைத் தாக்கும், காத்திருக்கக் கூடாது.

எனக்கு 36 வயதில் சர்க்கரை வந்தது. ஒல்லியான உடம்பு. அம்மாவுக்கும் சர்க்கரை, காதும் மந்தம். தொடர்பு உண்டா?

இருக்கலாம். இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதே நல்லது. நம்மிடம் ‘குடும்பத்தில் சர்க்கரை உண்டா?’ என்று கேட்பார்கள், ‘அம்மா வழியில் யாருக்காவது காது கேட்காமல் போனதா?’ என்று யாரும் கேட்பதில்லை. வயதானால் காது மந்தமாவது இயல்பு என்று வீட்டிலும் விட்டுவிடுகிறோம்.

1992இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், சர்க்கரை நோயும் காது கேளாமையும் தாய்வழியே சேர்ந்து வந்த ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்தார்கள். காரணம் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் 3243ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்ததுதான். அந்த இடம் புரதத்துக்கானதல்ல. புரதம் கட்டும்போது லூசினைத் தூக்கிக்கொண்டு வரும் ஆர்என்ஏவுக்கானது. சுமை தூக்குகிறவர் தடுமாறினால் அந்த 13 புரதங்களின் கட்டுமானமும் தடுமாறும். ஏற்றம் சரியாக இறைக்காது, ஏடிபி போதிய அளவு ஏறாது. சர்க்கரை கூடியிருப்பதைப் பீட்டா செல் குறைத்தே எடைபோடும். காதின் உட்பகுதியும் ஆற்றலை விழுங்கும் இடம் என்பதால் அங்கும் அடி விழுகிறது. விழித்திரையிலும் மாற்றங்கள் தெரியலாம். சிலருக்கு இதயத் தசையும் சிறுநீரகமும் பாதிக்கப்படுகின்றன.

இது பொதுவாக முப்பதுகளின் கடைசியில் தெரியவரும். பலர் மெலிந்த உடல்வாகு. பல நோயாளிகள் இரண்டாம் வகை என்றும் சிலர் முதல் வகை என்றும் தவறாக எழுதப்பட்டு வருடக்கணக்கில் சிகிச்சை பெறுகிறார்கள். சர்க்கரை நோயாளிகள் எல்லோரையும் எடுத்தால் நூற்றில் ஒருவர் அளவுக்குத்தான் இது இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. ஒரு குடும்பத்துக்கு அது சிறிய செய்தி அல்ல. லாக்டிக் அமிலம் தேங்கும் அபாயத்தைக் கருதி மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை இவர்களுக்குப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். வகை சரியாகத் தெரிந்தால் மருந்தே மாறுகிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். முதலில் சோதனை.

அந்தச் சோதனை ரத்தத்திலா செய்கிறார்கள்?

ரத்தத்தில் செய்யலாம், ஆனால் தவறிப்போக வாய்ப்பு உண்டு. ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ பிரதிகள் இருக்கும். சில மாறியவை, சில மாறாதவை. இந்தக் கலப்பு விகிதம் ஒவ்வொரு திசுவிலும் வேறுபடும். ரத்தச் செல்கள் புதிதாகப் பிறந்துகொண்டே இருப்பதால் வயது ஏற ஏற மாறிய பிரதிகள் அங்கே குறைந்துவிடும். சிறுநீரில் உதிரும் செல்களில் அவை கூடுதலாகத் தங்கும். நடுவயதைக் கடந்தவர் என்றால் சிறுநீர் மாதிரியையும் கேட்டுப் பெறச் சொல்லுங்கள். கூடவே செவித்திறன் பரிசோதனையும் விழித்திரைப் பரிசோதனையும்.

சாதாரண இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கும் மைட்டோகாண்ட்ரியாதான் காரணமா?

‘தான்’ போட்டுச் சொல்ல முடியாது. இரண்டாம் வகைக்கு உடல் எடை, இன்சுலின் எதிர்ப்பு, மரபு எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் இந்நோயுள்ளவர்களின் பீட்டா செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது மைட்டோகாண்ட்ரியாக்கள் வீங்கி உருமாறியிருந்தன. சர்க்கரைக்கு ஏடிபி ஏறுவதும் குறைவாக இருந்தது.

அது காரணமா, விளைவா? எலிகளில் பதில் தேடியிருக்கிறார்கள். மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவைப் பேணும் டிஃபாம் என்ற புரதத்தைப் பீட்டா செல்லில் மட்டும் நீக்கிய எலிகள் பற்றி ஸ்வீடன் குழு ஒன்று 2000இல் எழுதியது. அவற்றுக்குச் சர்க்கரை நோய் வந்தது. முதலில் சுரப்பு கெட்டது, பிறகு செல்களே குறைந்தன. ஆக மைட்டோகாண்ட்ரியா மட்டும் பழுதானாலும் நோய் வரக்கூடும். மறுபுறம், நீடித்த உயர்சர்க்கரையும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கிறது. எரிப்பில் உண்டாகும் தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளை அழிக்கும் கேட்டலேஸ் போன்ற நொதிகள் பீட்டா செல்லில் இயல்பிலேயே மிகக் குறைவு. நோய் வரும் வழியும் அதை முற்றவைக்கும் வழியும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன என்பதே என் புரிதல்.

மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் இருக்க வேண்டிய விடாக்-1 என்ற புரதம், இரண்டாம் வகை நோயாளிகளின் பீட்டா செல்களில் செல்லின் வெளிச்சவ்வுக்கே இடம்மாறிப் போவதை லுண்ட் பல்கலைக்கழகக் குழு 2019இல் காட்டியது. பாடுபட்டுச் சேர்த்த ஏடிபி அந்த ஓட்டை வழியே கசிந்துபோகிறது.

2025இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட எலி ஆய்வு எனக்கு உண்மையாகவே நம்பிக்கை தந்தது. மைட்டோகாண்ட்ரியா பழுதானதும் அங்கிருந்து உட்கருவுக்கு ஓர் அபாயச் செய்தி போகிறது. அதைக் கேட்டு பீட்டா செல் தன் முதிர்ச்சியையே இழந்துவிடுகிறது. சாகவில்லை, தான் யார் என்பதை மறந்துவிடுகிறது. அந்தச் செய்தியை மருந்தால் தடுத்தபோது செல்கள் மீண்டன. மனிதரில் இது பலிக்குமா என்பதற்கு இன்னும் காலம் வேண்டும். ஆனால் செத்த செல்லைத் திரும்பப் பெறுவதும் மறந்த செல்லுக்கு நினைவூட்டுவதும் ஒன்றல்ல.

யூசிபி2 என்ற புரதத்தை அடக்கினால் சர்க்கரை நோய் தீரும் என்கிறார்களே?

2001இல் அப்படி ஓர் எதிர்பார்ப்பு எழுந்தது. இந்தப் புரதம் தொட்டியிலுள்ள புரோட்டான்களைச் சக்கரத்தின் வழியே போகவிடாமல் கசியவிடுகிறது, அதனால் ஏடிபி குறைகிறது என்றார்கள். இது இல்லாத எலிகள் கூடுதல் இன்சுலின் சுரந்தன. பிறகு வேறு எலி இனங்களில் செய்த ஆய்வுகள் இதற்கு ஒத்துப்போகவில்லை. மருந்தாகும் நிலைக்கு அது வரவில்லை.

நான் சாப்பிடும் மாத்திரைகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் பொட்டாசிய மடையை நேரடியாக மூடுகின்றன. மைட்டோகாண்ட்ரியா எடைபோட்டுச் சொல்லும்வரை அவை காத்திருப்பதில்லை. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் படபடப்பும் வியர்வையும் வருவது அதனால்தான்: தராசில் சரக்கே இல்லாதபோதும் மடை மூடிவிடுகிறது. விரதம் இருப்பவர்களும், நேரத்துக்குச் சாப்பிட முடியாத வேலையில் இருப்பவர்களும் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இமெக்ளிமின் என்ற மருந்து மைட்டோகாண்ட்ரியாவையே குறிவைக்கிறது. 2021இல் ஜப்பானில் முதலில் அனுமதி பெற்றது, இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது. சர்க்கரை ஏறும்போது இன்சுலினைக் கூட்டுவது இதன் தன்மை.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு என்று விற்கும் சத்து மாத்திரைகள் வாங்கலாமா?

பீட்டா செல்லைக் காக்கும் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. கோஎன்சைம் கியூ10 எலக்ட்ரான் கைமாற்றத்தில் பங்கேற்பது உண்மை. அதை விழுங்கினால் கணையத்துக்குப் போய் வேலை செய்யுமா என்பது தனிக் கேள்வி. அந்தப் பணத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையைப் பாருங்கள். எடையைக் குறைத்து, நடந்து, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் தராசின் மேல் ஏறும் பாரம் குறையும். அதற்குச் சான்று நிறைய இருக்கிறது.

3243 மாற்றம் எனக்கு இருந்தால் என் பிள்ளைகளுக்கு வருமா?

நீங்கள் தந்தை என்றால் வராது. மைட்டோகாண்ட்ரியா தாயின் கருமுட்டை வழியேதான் வருகிறது. நீங்கள் தாய் என்றால் பிள்ளைகள் எல்லோருக்கும் அது போகலாம், ஆனால் எவ்வளவு போகும் என்பது ஒவ்வொரு கருமுட்டைக்கும் மாறும். ஒரு பிள்ளைக்கு இளமையிலேயே சர்க்கரை வரலாம், இன்னொன்று அறுபது வயதிலும் எந்தத் தொல்லையும் இல்லாமல் இருக்கலாம். கருத்தரிக்கும் முன்பே மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். போகும்போது உங்கள் அக்கா, தங்கையையும் அழைத்துக்கொண்டு போங்கள். அதே தாயின் மைட்டோகாண்ட்ரியாதான் அவர்களிடமும் இருக்கிறது.